ஊர்ப் பெயரைத் தட்டினால் சத்தம் வராது

ஒரு எலக்ட்ரிக் கிட்டார் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள, அது எந்த நாட்டில் செய்தது என்று திருப்பிப் பார்க்கிறவர்களைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் காரமாகவே எழுதப் போகிறேன். பிரஷர் மாத்திரை போட்டாகிவிட்டது. அதனால் பயமில்லை.

"முப்பது வருஷம் க்யூ.சி.யில் ஷாஃப்டும் புஷ்ஷும் அளந்த ஆள், இவருக்கு எதற்கு கிட்டார் பேச்சு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. லியோ ஃபெண்டருக்கும் தெரியாது! கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர். உலகமே கும்பிடுகிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954ல் அவருடைய பட்டறையிலிருந்துதான் வந்தது. வாசிக்கிறவர்கள் சொல்வதைக் கேட்டார், அளந்தார், திருத்தினார். வாசிப்பது ஒரு வேலை, செய்த பொருளைச் சோதிப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

என் அக்கா மகன் ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடித்தனம். ஓவர்டைம் காசைச் சேர்த்து எலக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டும் என்பது அவனுடைய இரண்டு வருஷத்து ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய் ஒரு கடையில் விசாரித்துவிட்டு, முகம் தொங்க வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"நம்ம பட்ஜெட்ல இருக்கிறது இந்தியா பீஸ்தான் மாமா. டோன் வராதாம். இம்போர்ட்டட் எடுக்கணும்னா டபுளுக்கு மேல ஆகும். ஈ.எம்.ஐ. போட்டுத் தரேங்கிறாங்க."

"டோன் வராதுன்னு எப்படித் தெரிஞ்சுது? ரெண்டையும் ஆம்ப்ல போட்டுக் காட்டினாங்களா?"

"இல்ல மாமா. அவங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு வந்த கோபம் கடைக்காரர் மேல் கொஞ்சம்தான். அவர் வியாபாரி. கோபம் இவன் மேல். ராத்திரி முழுக்க நின்று, கப்பலேறப் போகிற பீஸ்களை ஒவ்வொன்றாக கேஜில் விட்டு, சரியானதுக்கு ஓகே ஸ்டிக்கர் ஒட்டி, தவறானதைச் சிவப்புத் தொட்டியில் போடுகிறவன் இவன். வெளிநாட்டுக்காரன் இவன் கையெழுத்தை நம்பி வண்டியைப் பூட்டுகிறான். அப்படிப்பட்ட பையன், அளந்து பார்க்காமலே "இந்தியா பீஸ் மட்டம்" என்று நம்பிக்கொண்டு வருகிறான். தன் கையை அவனே நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

இவன் ஒருவன் மட்டும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் கார் ஓட ஆரம்பித்ததிலிருந்து இந்த வட்டாரமே உலகத்துக்குப் பொருள் செய்து அனுப்புகிறது. கார், லாரி, டயர், பைக், போன் என்று எதை விட்டோம்? ஆனாலும் டீக்கடையில் உட்கார்ந்தால் "ஃபாரின் மால்னா ஃபாரின் மால்தான்" என்ற வேதாந்தம் ஓயவில்லை. பேசுகிறவர் சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை தொங்கும்.

சரி, இந்த ஊர்ப் பெயர் விஷயத்துக்கு வருவோம். 1970களில் ஜப்பான் கிட்டார் என்றால் அமெரிக்காவில் இளக்காரம். காப்பியடித்த மலிவுச் சரக்கு என்பார்கள். 1977ல் கிப்சனின் தாய் நிறுவனம், ஐபனேஸ் கிட்டாரை விற்றவர்கள் மேல் தலைப்பக்க வடிவத்தைக் காப்பியடித்ததாக வழக்கே போட்டது. அந்தக் காலத்து ஜப்பான் கிட்டார்களை இன்றைக்குத் தேடிப் பிடித்து, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். 1982ல் ஃபெண்டரே ஜப்பானில் கம்பெனி தொடங்கிவிட்டது. அப்புறம் இளக்காரம் கொரியாவுக்குப் போனது, பிறகு சீனாவுக்கு, பிறகு இந்தோனேசியாவுக்கு. இப்போது நம் கடைகளில் இந்தோனேசியாதான் "இம்போர்ட்டட்" என்ற மரியாதையோடு தொங்குகிறது. 1980களின் கடைசியில் ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்க்வயர் 2 கிட்டார்களில் ஒரு பகுதி இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்பது எத்தனை கடைக்காரர்களுக்குத் தெரியும்? ஒரே பெயர்ப் பலகை, பல ஊர். எந்த ஊர்ப் பெயரும் நிலையாக நல்லதாகவோ கெட்டதாகவோ இருந்ததில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. விலை உயர்ந்த கிட்டாரின் விவரத் தாளைப் படித்தால் விரல் பலகைக்கு "இந்தியன் ரோஸ்வுட்" என்று பெருமையாகப் போட்டிருக்கும். அது வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். அதை இஷ்டத்துக்கு வெட்டக்கூடாது என்று தமிழ்நாட்டில் 1994ல் தனிச் சட்டமே போட்டார்கள். 2017ல் அந்த மர இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, கிட்டார் கம்பெனிகள் எல்லாம் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடின. 2019ல்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. ஆக, மரம் இந்தியா என்றால் பெருமை, கை இந்தியா என்றால் மட்டமா? இது எந்த ஊர் நியாயம்?

இனி சோதனைக்கு வருவோம். தொழிற்சாலையில் குறையை மூன்றாகப் பிரிப்போம்: கிரிட்டிகல், மேஜர், மைனர். கிரிட்டிகல் இருந்தால் பீஸ் குப்பைக்கு. மேஜர் இருந்தால் திருத்து வேலைக்கு. மைனர் இருந்தால் விலை பேசலாம். கிட்டாருக்கும் இதே கணக்குதான்.

முதலில் கழுத்து. ஆறு தந்தியும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 40 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கும், ராப்பகலாக. அதைத் தாங்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள், ட்ரஸ் ராட் என்று பெயர். கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேராகப் பிடித்துத் தலைப்பக்கத்திலிருந்து பாருங்கள். கழுத்து முறுக்கியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முறுக்கல் கிரிட்டிகல். முன்பின்னாக லேசான வளைவு மட்டும் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். எவ்வளவு? ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவே எட்டாவது மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜ் விடுங்கள். கால் மில்லிமீட்டர் சுமாருக்கு இருந்தால் போதும். கூடக் குறைய இருந்தால் ட்ரஸ் ராடை ஆலன் கீயால் திருப்பிச் சரி செய்யலாம். திருப்பியும் கழுத்து அசையவில்லை என்றால் அதுவும் கிரிட்டிகல்.

அடுத்தது மெட்டுகளின் இடம். இங்கே நம் வீணையை நினைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கும். சுருதி விலகினால் கைதேர்ந்தவர் மெழுகை இளக்கி, காதால் கேட்டு, மெட்டை நகர்த்தி வைத்துவிடுவார். கிட்டாரில் மெட்டை மரத்தில் வெட்டிய காடியில் அடித்து இறக்கிவிடுகிறார்கள். காடி அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் ஆயுசுக்கும் அபசுரம்தான், நகர்த்த முடியாது. இதைச் சோதிக்க சங்கீத ஞானம் வேண்டாம். போனில் ட்யூனர் ஆப் இருந்தால் போதும். 12வது மெட்டின் மேல் தந்தியை லேசாகத் தொட்டுத் தட்டினால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அதே இடத்தில் அழுத்தித் தட்டினால் வருகிற சத்தமும் ஆப்பில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையா? பிரிட்ஜில் உள்ள திருகைத் திருப்பி நிற்க வைக்க முடிகிறதா என்று பாருங்கள். திருகு முடிகிற வரை திருப்பியும் சேரவில்லை என்றால் பிரிட்ஜோ மெட்டோ தப்பான இடத்தில் இருக்கிறது. சேர்ந்துவிட்டால், ஒன்றிரண்டு மேல் மெட்டுகளிலும் அழுத்தி ஆப்பைப் பார்த்துவிடுங்கள்.

மேஜர் வகையில் வருவது உயர்ந்து நிற்கிற மெட்டு. சின்ன ஸ்டீல் ஸ்கேலை மூன்று மெட்டுகளின் மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் நடு மெட்டு மேலே நிற்கிறது. வாசிக்கும்போது அங்கேதான் கரகரக்கும். தேய்த்துச் சமன் செய்யலாம், கூலி ஆகும். ஜாக்கில் வயரைச் செருகி லேசாக அசைத்தால் பொரிகிறதா? சால்டரிங் சரியில்லை. ஸ்பீக்கரில் ஹம் என்று இரைச்சல் வந்து, தந்தியில் கை வைத்ததும் குறைந்தால் பயப்பட வேண்டாம், எர்த் வேலை செய்கிறது. கை வைத்தால் இரைச்சல் கூடினால் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மெட்டின் ஓரங்கள் கையைக் கீறுவதற்கு ஊர்க் காரணம் ஒன்றும் உண்டு. ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவு இறுகுவதும் கத்திரியில் விடுவதும் தெரியும்தானே? மரம் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், உலோகம் அப்படியே நிற்கும். ஏ.சி. கடையில் மாசக்கணக்கில் தொங்கிய கிட்டாரின் கழுத்து சுருங்கி, மெட்டின் நுனி வெளியே துருத்தும். எந்த நாட்டு மரமும் இதற்கு விதிவிலக்கு இல்லை. அரம் வைத்துத் தேய்த்தால் தீர்ந்தது.

பெயிண்ட், பளபளப்பு, ஸ்க்ரூ தலையில் கீறல் எல்லாம் மைனர். ஆனால் கடையில் விளக்கடித்துக் காட்டுவது இந்த மைனரைத்தான். கிரிட்டிகலைக் காட்டச் சொன்னால் "அதெல்லாம் பிராண்டு சார்" என்பார்கள்.

இப்போது "டோன்" என்ற மந்திரச் சொல். எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தம் எப்படிப் பிறக்கிறது? தந்திக்கு அடியில் காந்தம், காந்தத்தைச் சுற்றி தலைமயிர் கனத்தில் செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831ல் கண்டு சொன்னது. நம் வட்டாரத்தில் ஆல்டர்நேட்டர் பார்க்கிற ஐ.டி.ஐ. பையனுக்கு இது பால பாடம். அந்த மின்சாரம் வால்யூம் கண்ட்ரோல் வழியாக, வயர் வழியாக, ஆம்ப்ளிஃபயருக்குப் போய் ஸ்பீக்கரில் சத்தமாகிறது. வீணையில் பலாமரக் குடம்தான் காற்றை அசைக்கிறது. அங்கே மரம் பேசுகிறது, ஒப்புக்கொள்கிறேன். எலக்ட்ரிக் கிட்டாரில் ஸ்பீக்கர் பேசுகிறது.

மரத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் காய்ந்து, அசையாமல் நிற்கிற மரம் வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்ன கழுத்தும் மெட்டும் நிற்காது. ஆனால் பிக்கப், தந்தி, ஆம்ப் இவற்றை மாற்றினால் வருகிற வித்தியாசத்துக்கு முன்னால் உடல் மரம் பின் வரிசையில்தான் உட்கார வேண்டும். 1932ல் விற்பனைக்கு வந்த முதல் எலக்ட்ரிக் கிட்டாருக்கு மர உடலே கிடையாது. மடியில் வைத்து வாசிக்கிற ஹவாய் பாணிக் கிட்டார் அது. வார்ப்பு அலுமினியத்தில் செய்தது. பார்க்கத் தோசைக்கல் மாதிரி இருந்ததால் "ஃப்ரையிங் பான்" என்றே பெயர் வந்தது. வார்ப்பு அலுமினியம் ஒரகடத்துக்காரனுக்கு அந்நியமா? குவீன் குழுவின் பிரையன் மே 1963ல் தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மேல்கட்டை, தந்தியை ஆட்டுகிற அமைப்புக்கு ஒரு பழைய பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்ப்ரிங். அந்தக் கிட்டாரைத்தான் வாழ்நாள் முழுக்க மேடையில் வாசித்தார். எந்தக் கடைக்காரர் அதற்கு "டோன் வராது" என்பார்?

இந்த இடத்தில் சங்கீதம் தெரிந்த நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "அளவெல்லாம் சரி சார், காது என்று ஒன்று இருக்கிறதே?" காது நல்ல கருவிதான். ஆனால் கண்ணும் விலைச்சீட்டும் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். 2010ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் ஒரு சோதனை நடந்தது. தேர்ந்த வயலின் கலைஞர்கள் 21 பேர். மங்கலான வெளிச்சம், கண்ணில் வெல்டிங் கண்ணாடி! கையில் மாற்றி மாற்றிப் புது வயலின்களும், ஸ்ட்ராடிவாரி போன்ற விலைமதிப்பற்ற பழைய வயலின்களும் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் விரும்பியது புது வயலினை. எது பழையது, எது புதியது என்று நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றிலும் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரிதான். இது 2012ல் ஆய்விதழிலும் வந்தது. வயலினுக்கே இந்தக் கதி என்றால், மின்சாரத்தில் பேசுகிற கிட்டாருக்கு ஊர்ப் பெயர் கேட்டா டோன் வரும்?

ஆகவே காதை உபயோகியுங்கள், கண்ணை மூடிக்கொண்டு உபயோகியுங்கள். கடையில் முதுகைக் காட்டி நில்லுங்கள். நண்பன் ஒருவன் இரண்டு கிட்டாரையும் மாற்றி மாற்றி வாசிக்கட்டும். ஒரே ஆம்ப், ஒரே வயர், ஒரே அளவு சத்தம். சத்தம் ஒரு நூல் கூடினாலும் அதுதான் நல்லது என்று காது பொய் சொல்லும். ஒன்றில் புதுத் தந்தியும் ஒன்றில் துருப்பிடித்த தந்தியும் இருந்தால் அந்த ஒப்பீடு செல்லாது. எது எது என்று தெரியாமல் ஐந்து முறை சொல்லுங்கள். ஐந்திலும் ஒன்றையே பிடித்திருந்தால் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். குழம்பினால், கூடுதல் காசு ஸ்டிக்கருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத்துக்காரர்களையும் விடுவதாக இல்லை. "இந்தியப் பொருள்தான் வாங்க வேண்டும், குறை இருந்தால் சகித்துக்கொள்" என்கிற கூட்டம். இது கேஜுக்குச் செய்கிற துரோகம். என் பக்கத்து ஊரில் செய்தது என்பதற்காக முறுக்கின கழுத்தை நான் பாஸ் பண்ண மாட்டேன். அப்படிப் பாஸ் பண்ணிப் பாஸ் பண்ணித்தான் நம் சரக்குக்குக் கெட்ட பெயர் வந்தது. ரிஜெக்ட் செய்கிறவன்தான் உண்மையில் அந்தத் தொழிற்சாலைக்கு நண்பன்.

அடுத்த ஞாயிறு நானும் மருமகனும் போனோம். ஃபீலர் கேஜ், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், போன். கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு வேடிக்கை பார்த்தார். இந்தியாவில் செய்த அதே மாடலில் இரண்டு பீஸ் இருந்தன. முதலாவதில் பிரிட்ஜ் திருகை முழுக்கத் திருப்பியும் அடித்தந்தி சுருதி சேரவில்லை. ரிஜெக்ட். இரண்டாவதில் கழுத்து நேர், சுருதி சேர்ந்தது. ஒரே ஒரு மெட்டு உயரம், ஓரங்கள் கொஞ்சம் கூர்மை. இம்போர்ட்டடில் ஓரங்கள் வழவழப்பு, அதிலும் ஒரு மெட்டு உயரம். அதைச் சொன்னதும் கடைக்காரர், "இவ்வளவு பார்த்து யாரும் வாங்கினதில்லை சார்" என்றார். "இனிமேல் வாங்குவார்கள்" என்றேன். முதுகைக் காட்டி நின்ற மருமகன் ஐந்து முறையில் இரண்டு முறை இந்தியா, மூன்று முறை இம்போர்ட்டட் என்றான். அந்த ஒரு ஓட்டுக்கு டபுள் விலையா என்று அவனே கேட்டுச் சிரித்தான். இரண்டாவது பீஸை எடுத்தோம். மெட்டு தேய்க்கவும் புதுத் தந்திக்கும் தனியாகக் கொடுத்தது போக மிச்சப் பணத்தில் ஒரு சின்ன ஆம்ப்பும் வந்தது. ஈ.எம்.ஐ. இல்லை.

கவனியுங்கள், ஒரே மாடல், ஒரே தொழிற்சாலை, ஒரே விலை, ஒன்று ரிஜெக்ட், ஒன்று ஓகே. மாடலை வாங்காதீர்கள், பீஸை வாங்குங்கள்.

வல்லம் வடகால் பக்கம் பைக் தொழிற்சாலையைத் தாண்டும்போது யமஹா சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். வட்டத்துக்குள் மூன்று கம்பிகள். அவை சுருதி பார்க்கிற ட்யூனிங் ஃபோர்க்குகள். ஆர்மோனியம் மாதிரியான ரீட் ஆர்கனில் 1887ல் தொடங்கிய கம்பெனி அது. பைக் பிரிவு தனியானது 1955ல். அதன் இசைக்கருவிப் பிரிவும் 2019ல் சென்னை அருகே தொழிற்சாலை தொடங்கி, கீபோர்டும் அக்கூஸ்டிக் கிட்டாரும் செய்கிறது. பிஸ்டன் அளக்கிற ஊரில் வாத்தியமும் பிறக்கிறது. ஜப்பான்காரன் நம் பையன்கள் கையை நம்பி முதல் போடுகிறான். நம் பையன்கள்தான் இன்னும் நம்பவில்லை.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பிள்ளை கிட்டார் கேட்டால் திட்டாதீர்கள். எந்த நாட்டுச் சரக்கு என்று கடையில் கேட்கவும் வேண்டாம். ஒரு ஃபீலர் கேஜ் செட் வாங்கிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். சிங்கிள் பீஸ் அளக்கவிடாத கடையாக இருந்தால் அடுத்த கடைக்குப் போகச் சொல்லுங்கள்.

மேலே மாடியில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. இன்னும் சுதி சேரவில்லை. அது கிட்டாரின் குறை இல்லை, நான் அளந்துவிட்டேன்.